ஊட்டியில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்

மொபைல் சார்ஜரையோ லேப்டாப் அடாப்டரையோ ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். சிலவற்றில், பொடி எழுத்துகளுக்கு நடுவே சின்னதாய் ஒரு மலை உருவமும் பக்கத்தில் 2000 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் இதன் மின்காப்புக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று அதற்குப் பொருள். சென்னைக்காரரும் மதுரைக்காரரும் அந்த எண்ணைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. குன்னூர்க்காரருக்கும் தேவையில்லை, அந்த ஊர் 2000-க்குக் கீழே. ஊட்டி நகரமோ 2240 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. காற்று மெலிந்தால் மின்சாரத்தைத் தாவவிடாமல் தடுக்கும் அதன் வலுவும் குறைகிறது. அதனால் அதிக வோல்ட் வித்தியாசம் உள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவே மலையில் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட வேண்டும். ஊட்டியில் சார்ஜர் வெடித்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம், 240 மீட்டர் கொண்டுவரும் மாற்றம் சிறியதுதான். ஆனால் சொந்தமாக ஒரு சர்க்யூட் செய்ய உட்காருகிறவர், தான் எந்த உயரத்தில், எந்தக் குளிரில், எந்த ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

அப்படி உட்காருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். தெர்மிஸ்டர் எது, டிரான்சிஸ்டர் எது என்று அடையாளம் தெரிந்தாலே போதும், மீதியைச் செயற்கை நுண்ணறிவிடம் (ஏஐ) கேட்டுக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வந்திருக்கிறது. நல்ல துணிச்சல்தான். கேட்டால் எந்த மாதிரிச் சர்க்யூட்டுக்கும் நொடியில் பதில் வருகிறது. அந்தப் பதில் எந்த ஊருக்கானது என்பதில்தான் சிக்கல். மின்னணுப் பாகங்களின் டேட்டாஷீட்டைத் திறந்தால் பெரும்பாலான அளவுகள் 25 டிகிரி வெப்பநிலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தாள்களையும் அவற்றை ஒட்டி எழுதப்பட்ட பாடங்களையும் படித்து வளர்ந்த ஏஐ-க்கும், வேறெதுவும் சொல்லாவிட்டால், உலகம் 25 டிகிரியில் ஈரமில்லாத ஓர் அறைதான். நீலகிரியில், ஜூலை மழைக்கு மூன்று நாளாகத் துணி காயாத எமரால்டு வீடோ, ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் தலைகுந்தாவோ அதற்குத் தானாகத் தெரியாது.

இடத்தைச் சேர்த்துக்கொண்டு வடிவமைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஊட்டிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். முத்தொரைச் சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தால் போதும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. வானத்தில் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் தொலைநோக்கியும் திரும்ப வேண்டும். ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வில், வடக்கு தெற்காக ஓடும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் கிடத்தியதும் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அதற்குப் பிறகு, தன் அச்சிலேயே மெதுவாகப் புரண்டுகொடுத்தால் போதும், ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். மலையே இயந்திரத்தின் ஒரு பாகமானது. ‘பெரிய தொலைநோக்கி ஒன்றை வடிவமைத்துக் கொடு’ என்று மட்டும் ஒருவரிடம் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது. அட்சரேகை என்ன, எந்த மலை, என்ன சாய்வு என்பதும் சேர்ந்துதான் கேள்வி.

ஏஐ-யிடம் நாம் எழுதிக் கேட்கும் வாசகத்துக்கு பிராம்ப்ட் என்று பெயர். சர்க்யூட் விஷயத்தில் நல்ல பிராம்ப்ட் என்பது அலங்கார மொழியோ மந்திரச் சொல்லோ கிடையாது. கொத்தனாரிடம் வீடு கட்டச் சொல்லும்போது மண் எப்படி, கிணறு எந்தப் பக்கம், கையில் எவ்வளவு பணம் என்று சொல்கிறோமே, அந்த விவரம்தான்.

நீலகிரிக்கே உரிய ஒரு தேவையை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாகும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. ஆள் உயரத்தில் வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே செடி மட்டத்தில் பனி உறைந்துவிடும். காலையில் வெயில் பட்டதும் கொளுந்து கருகுகிறது. காய்கறித் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து பனியைக் கரைப்பார்கள். தேயிலைக்காரர்கள் தாகைச் செடிகளை வெட்டிவந்து போர்த்துவார்கள். எதுவானாலும் நேரத்தோடு தெரிய வேண்டும். இரவு 2 மணிக்கு வீட்டுக்குள் ஒரு பஸ்ஸர் ஒலித்தால் எழுந்து ஏதாவது செய்யலாம்.

‘உறைபனி அலாரம் சர்க்யூட் ஒன்று சொல்’ என்று கேட்டால் பதில் வரும். பெரும்பாலும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு சென்சார், சின்ன சோலார் பேனல், ஒரு லித்தியம் அயான் பேட்டரி, அதை சார்ஜ் செய்ய டிபி4056 என்ற மலிவான போர்டு என்று இருக்கும். படிக்க அழகாக இருக்கும், மேசையில் வேலையும் செய்யும். ஆனால் லித்தியம் அயான் பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் லித்தியம் உள்ளே புகாமல் உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் குறைவதோடு உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. உறைபனிக் காலையில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: ஏழு மணிக்கு வெயில் பேனலைத் தொடுகிறது, சார்ஜ் தொடங்குகிறது. நிழலில் கிடக்கும் பெட்டிக்குள் பேட்டரி இன்னும் உறைநிலையில். டிபி4056 சிப்பில் வெப்பநிலையைப் பார்த்து சார்ஜை நிறுத்துவதற்கென்றே ஒரு கால் இருக்கிறது. மலிவு போர்டுகளில் அந்தக் காலைத் தரையோடு இணைத்து முடக்கிவைத்திருப்பார்கள். உறைபனியைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி, உறைபனியிலேயே பழுதாகும்.

இதை ஏஐ-யின் குற்றமாகச் சொல்ல முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.

இப்போது அதே ஆள் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“நீலகிரியில் எமரால்டு பக்கம் எனக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் செடி மட்டத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். செடியின் மேல்மட்டத்தில் 2 டிகிரி ஆனதும் வீட்டில் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். 3 டிகிரிக்கு ஏறிய பிறகுதான் நிற்க வேண்டும். சென்சாருக்கும் வீட்டுக்கும் 60 மீட்டர். கரண்ட் அடிக்கடி போகும். வீட்டில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. 10 கிலோஓம் தெர்மிஸ்டர், பீட்டா 3950, வாங்கி வைத்திருக்கிறேன். எல்எம்393 சிப்பும் இருக்கிறது. மற்ற பாகங்கள் கோயம்புத்தூரில் சாதாரணமாகக் கிடைப்பவையாக இருக்கட்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். சால்டரிங் தெரியும், மல்டிமீட்டர் பார்ப்பேன், புரோகிராம் எழுதத் தெரியாது. சர்க்யூட் சொல்வதற்கு முன்னால் நான் எதையாவது சொல்லாமல் விட்டிருந்தால் கேள். ஒவ்வொரு மதிப்பும் எப்படி வந்தது என்று கணக்கைக் காட்டு. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்.”

ஒரு வாக்கியம்கூட இதில் வீணில்லை. 2 டிகிரியில் ஒலித்து 3 டிகிரியில் நிற்க வேண்டும் என்ற இரட்டை எண்ணைச் சொல்லாவிட்டால், வெப்பநிலை 2 டிகிரியைச் சுற்றி ஊசலாடும் அரைமணி நேரமும் பஸ்ஸர் விட்டுவிட்டுக் கத்தும். புரோகிராம் தெரியாது என்றதும் மைக்ரோகண்ட்ரோலர் விலகி, எல்எம்393 முன்னுக்கு வருகிறது. இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்லும் எளிய சிப் அது. 60 மீட்டர் என்று சொன்னதால் கம்பி வழியாக வரும் இரைச்சலையும் மின்னலையும் பற்றிப் பேச வழி பிறக்கிறது. நீலகிரி மின்னல் சாதாரணமில்லை. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தார், 2014 டிசம்பர் 1 அன்று தங்கள் தலைக்கு மேல் கடந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட வானத்தின் கீழ் 60 மீட்டர் கம்பியை இழுத்து, அதன் முனையை நேராகச் சிப்பின் காலில் சேர்ப்பது சரியில்லை.

பதில் வந்ததும் வேலை முடிந்துவிடாது. எல்எம்393-ன் வெளியீடு, தானாக மேலே ஏறாத வகை. மேலே இழுத்துவிட ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ஏஐ தரும் சர்க்யூட்டில் அது சிலசமயம் விடுபட்டிருக்கும். பஸ்ஸரை நேராக அந்தக் காலிலேயே மாட்டச் சொல்வதும் உண்டு. அந்தக் கால் உறுதியாகத் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்வது 6 மில்லிஆம்பியர். சாதாரண பஸ்ஸர் 30 மில்லிஆம்பியர் வரை கேட்கும், நடுவே ஒரு டிரான்சிஸ்டர் தேவை. 8-ஆம் காலில் நேர்மின், 4-ஆம் காலில் தரை என்பதையும் டேட்டாஷீட்டில் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தயங்காமல், தவறான கால் எண்ணைச் சொல்லும் பழக்கம் ஏஐ-க்கு இன்னும் போகவில்லை.

அடுத்த தவறு நுட்பமானது. தெர்மிஸ்டர் என்பது குளிரக் குளிர மின்தடை கூடும் பாகம்; எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. அந்தக் கணக்குப்படி இந்தத் தெர்மிஸ்டர் 2 டிகிரியில் சுமார் 30 கிலோஓம் காட்டும். அதோடு 30 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால், சரியாக 2 டிகிரியில் நடுமுனையில் பாதி வோல்ட் வரும். பாதியைத் தாண்டினால் அலாரம். கணக்கு கச்சிதம். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் கொடுத்தால் தெர்மிஸ்டரின் மேல் 6 வோல்ட் நிற்கிறது; அதில் 1.2 மில்லிவாட் வெப்பம் உண்டாகிறது. அசையாத காற்றில் சிறிய தெர்மிஸ்டர் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 2 மில்லிவாட் போதும். ஆக, சென்சார் தன்னைத்தானே அரை டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொள்கிறது. செடி 2 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது அது 2.6 என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ஈரமும் அதே திசையில்தான் இழுக்கிறது. போர்டின் மேல் படியும் ஈரப்படலம் தெர்மிஸ்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகாஓம் அளவுக்குக் கசிந்தால், 30 கிலோஓம் 29.1 ஆகக் குறைகிறது. மீண்டும் அரை டிகிரிக்கு மேல் சூடு கூடியதாகத் தோன்றும். இரண்டும் சேர்ந்தால் அலாரம் ஒரு டிகிரிக்கு மேல் தாமதம். மேசையில் வைத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. தோட்டத்தில், பனி விழும் அந்த ஒரு டிகிரிக்குள்தான் விளைச்சலே இருக்கிறது.

இதற்குத் தனியாகப் படித்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். ‘இந்தத் தெர்மிஸ்டர் தன் மின்னோட்டத்தால் சூடாகுமா, எத்தனை டிகிரி?’ ‘போர்டில் ஈரம் கசிந்தால் அலாரம் முந்துமா, பிந்துமா?’ ‘பேட்டரி 12-லிருந்து 11-க்கு இறங்கினால் எல்லை மாறுமா?’ என்று இடம் தரும் பயங்களை ஒவ்வொன்றாகக் கேள்வியாக்கினால், ஏஐ கணக்குப் போட்டுக் காட்டும்; வழியும் சொல்லும். 12-க்குப் பதில் 5 வோல்ட் கொடுத்தால் சூடு பத்தில் ஒரு டிகிரியாகக் குறையும். போர்டுக்கு வார்னிஷ் பூசினால் கசிவு அடங்கும். தெர்மிஸ்டர் பக்கத்து வோல்ட்டும் அதோடு ஒப்பிடும் பாதி வோல்ட்டும் ஒரே மின்சாரத்திலிருந்து வருவதால் பேட்டரி இறங்கினாலும் எல்லை நகராது. ‘நல்ல சர்க்யூட்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் வரும். ‘எங்கே கெடும்?’ என்று கேட்க வேண்டும்.

பெரிய இடத்திலும் இதே முறைதான். 2023-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிடி-4-உடன் உரையாடியே 8-பிட் நுண்செயலி ஒன்றை வடிவமைத்துத் தயாரிப்புக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுவில் ரமேஷ் கர்ரி, சித்தார்த் கார்க் என்ற இந்தியப் பெயர்களும் உண்டு. ஒரே கேள்வியில் சிப் வந்துவிடவில்லை. அனுபவமுள்ள பொறியாளர் பகுதி பகுதியாகக் கேட்டார், கிடைத்ததைச் சோதித்தார், பிழையைத் திரும்பக் காட்டித் திருத்தச் சொன்னார்.

சோதிக்கும் வசதி நம் கைக்கும் எட்டுகிறது. ஏஐ-யிடம் சர்க்யூட்டைப் படமாகக் கேட்பது அவ்வளவு நல்லதில்லை, கோடுகள் எங்காவது தவறாகச் சேர்ந்துவிடும். எழுத்தில் அது கெட்டி. எந்தப் பாகம் எந்தெந்த முனைகளோடு சேர்கிறது என்று வரிவரியாக எழுதிய பட்டியலுக்கு நெட்லிஸ்ட் என்று பெயர். 1973-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸ் என்ற மென்பொருள் அந்தப் பட்டியலைப் படித்து, சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டும். ஐஐடி பம்பாயின் ஃபாஸீ திட்டத்தார் இதே பரம்பரையில் வந்த இ-சிம் மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். ‘நெட்லிஸ்ட்டாகக் கொடு, தெர்மிஸ்டரை 20-லிருந்து 40 கிலோஓம் வரை மாற்றிப் பார்க்கும்படி எழுது’ என்று கேட்டு வாங்கி அதில் ஓட்டிவிட்டால், பஸ்ஸர் எந்த இடத்தில் ஒலிக்கிறது என்பது சால்டரிங் கம்பியைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கேட்கவே கூடாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சும் கொடுமை தமிழ்நாட்டின் மலையோரங்களில் இன்னும் நடக்கிறது. யானைகள் மட்டுமின்றி மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட சோலார் வேலியில் மின்சாரம் நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் துடித்து மறையும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகுமே தவிரச் சாகாது. அந்தத் துடிப்பின் அளவுக்குத் தரக்கட்டுப்பாடு உண்டு, அதைச் சோதித்துத் தயாரித்த கருவியையே வாங்க வேண்டும். ஏஐ என்ன சர்க்யூட் கொடுத்தாலும், வீட்டு 230 வோல்ட்டைத் தொடும் எந்த வேலையையும் புதிதாகக் கற்கிறவர் தன் கையால் செய்யக் கூடாது. உறைபனி அலாரத்துக்கு பேட்டரி போதும்.

கடைசிச் சோதனைக்கு சமையலறையே போதும். ஒரு டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, அது நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால், அந்தக் கலவை பூஜ்ய டிகிரியில் நிற்கும். தெர்மிஸ்டரின் கால்களில் தண்ணீர் படாதபடி உறை மாட்டி உள்ளே இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். கணக்குப்படி 33.6 கிலோஓம் வர வேண்டும். மலிவுத் தெர்மிஸ்டர்கள் அப்படியே காட்டுவதில்லை. 31.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே அதை ஏஐ-யிடம் எழுத வேண்டும்: “ஐஸ் தண்ணீரில் அளந்தேன், 31.8 கிலோஓம். நீ சொன்ன 30 கிலோஓம் ரெசிஸ்டரை இதற்கேற்பத் திருத்து. ஒரே ரெசிஸ்டராகக் கிடைக்காவிட்டால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டைச் சேர்த்துச் சொல்.” அளந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் 2 டிகிரிக்குச் சுமார் 28.7 கிலோஓம் வருகிறது. 27 கிலோஓமும் 1.8 கிலோஓமும் தொடராகப் போட்டால் 28.8. அந்த இரண்டு ரெசிஸ்டரும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.